நீ போ, நான் வர்றேன்

கொள்ளிடம் பாலத்தின் நடுவில், ஒன்பதாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டிய சற்று நேரத்தில் அக்கா சொன்னார்: “நீ போடி. நான் மெதுவா வர்றேன்.”

நான் போனேன்.

நடந்தது இவ்வளவுதான். இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று ஓடுகிறவர்கள் கேட்பார்கள். நெடுந்தூர ஓட்டத்தில் இது தினசரி நடப்பு. ஒருவர் வேகம் இன்னொருவருக்கு ஒத்துவராது. பாதியில் பிரிவார்கள், முடிவில் சந்தித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அந்த ‘நீ போ’வுக்கும் நான் கால் வீசிப் போனதற்கும் இடையில் எத்தனை நொடி இருந்தது என்று இன்றும் எண்ணிப் பார்க்கிறேன். இரண்டு நொடிகூட இருக்காது. அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. என் உடம்பு அந்தச் சொல்லுக்காக மூன்று கிலோமீட்டராகக் காத்திருந்திருக்கிறது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். திருச்சிராப்பள்ளி. சென்னை அளவுக்குப் பெரிய ஊருமில்லை, ஓட்டப் பந்தயம் நடந்தால் அதிசயமாகப் பார்க்கும் சின்ன ஊருமில்லை. ஆற்றை ஒட்டி ஓடலாம் என்பதுதான் இங்கே ஓட்டக்காரர்களுக்கான பெரிய ஈர்ப்பு. சிந்தாமணியில் தொடங்கி, 1976இல் திறந்த காவிரிப் பாலத்தைக் கடந்து, மாம்பழச்சாலை, அம்மா மண்டபம், ஸ்ரீரங்கத்து வீதிகள், திருவானைக்கோவில், கொள்ளிடம் பாலம், நம்பர் ஒன் டோல்கேட்டில் திரும்பி அதே வழி. 21 கிலோமீட்டரும் சொச்சமும். இரண்டு ஆறுகளை இரண்டு தடவை கடக்க வேண்டும். நாங்கள் ஓடியது தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில். மேட்டூரை இன்னும் அடைக்கவில்லை, காவிரியில் தண்ணீர் இருந்தது. கொள்ளிடம் வழக்கம்போல் மணல். 2018 வெள்ளத்தில் தூண்கள் சரிந்த பழைய இரும்புப் பாலம் இருந்த பக்கம் பனி மூடிக் கிடந்தது.

அக்கா என் உறவில்லை. நான் பாடம் நடத்தும் அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். வயது 52. எனக்கு 39. அக்கா தினமும் வீட்டிலிருந்து பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர் நடந்தே வருவார். பஸ் இல்லாமலில்லை. வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் யாரும் எதுவும் கேட்காத நேரம் அது ஒன்றுதான் என்று ஒருமுறை சொன்னார். அவரை ஓட்டத்துக்கு இழுத்தது நான். இருவருக்கும் பணம் கட்டியதும் நான். “எனக்கு எதுக்குடி, கடைசியில வந்து சிரிப்பா சிரிக்கவா?” என்றபோது, “சேர்ந்தே ஓடுவோம்க்கா, உங்கள விட்டுட்டுப் போமாட்டேன்” என்று சொன்னதும் நான்தான்.

இந்தக் கடைசி வாக்கியம் இல்லையென்றால் இந்தக் கட்டுரையும் இல்லை.

நான்கு மாதம் பயிற்சி எடுத்தோம். ‘எடுத்தோம்’ என்ற பன்மை பொய். எனக்கு விடிகாலையில் 50 நிமிடம் கிடைத்தது. மாமியார் அடுப்பைப் பார்த்துக்கொள்வார். கணவர் பிள்ளையை எழுப்புவார். இதை நான் பெருமையாகச் சொன்ன காலம் உண்டு. இப்போது யோசித்தால், என் 50 நிமிடமும் இன்னொரு பெண்ணின் 50 நிமிடம்தான். அறுபத்தெட்டு வயதில் அவர் சட்னி அரைக்கும் நேரத்தில் நான் காவிரிப் பாலத்தின் மேல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு அதுவும் கிடையாது. அவருடைய மாமியார் படுத்த படுக்கை. அவரைத் தூக்கி உட்காரவைத்து, கழுவி, துணி மாற்றி, மருந்து கொடுத்துவிட்டு வெளியே வர ஐந்தே கால் ஆகும். ஐந்தே முக்காலுக்குத் திரும்பி அடுப்பில் இருக்க வேண்டும். வாரத்தில் நான்கு நாள் வந்தால் அதிகம். மகனுடைய ஷூவைப் போட்டுக்கொண்டு, முன்னால் பஞ்சை அடைத்துக்கொண்டு ஓடுவார். 1966இல் பாஸ்டன் மாரத்தானில் எண் இல்லாமல், புதருக்குள் ஒளிந்திருந்து கூட்டத்தோடு கலந்து ஓடிய பாபி கிப், சகோதரனின் அரைக்கால் சட்டையையும் பையன்களுக்கான ஷூவையும் போட்டிருந்தார் என்று நான் அக்காவிடம் சொன்னேன். “அப்ப அறுபது வருஷமா பொம்பளைக்கு ஒரு ஷூ செய்யலயா?” என்றார். செய்கிறார்கள் அக்கா, நாலாயிரம் ரூபாய்க்கு. சொல்லவில்லை.

உடம்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓட்டம் பற்றி எழுதுகிற ஆண்கள் இதைச் சொல்வதில்லை. இரண்டு பிரசவம் பார்த்த பெண்களில் பலருக்கு ஓடும்போது சிறுநீர் கசியும். அக்காவுக்கும் உண்டு, எனக்கும் உண்டு. நாப்கின் வைத்துக்கொண்டுதான் இருவரும் ஓடினோம். தொடங்குமிடத்தில் தற்காலிகக் கழிப்பறைகள் வைத்திருந்தார்கள். அதன்பின் 21 கிலோமீட்டருக்கு ஒன்றும் இல்லை. ஆண்கள் மாம்பழச்சாலை தாண்டியதும் சுவரோரம் ஒதுங்கிவிட்டு வந்து ஓட்டத்தைத் தொடர்ந்தார்கள். நாங்கள் என்ன செய்தோம்? தண்ணீர் குடிக்காமல் இருந்தோம். பள்ளிக்கூடத்தில் எங்கள் மாணவிகள் என்ன செய்கிறார்களோ அதையே நாங்களும் செய்தோம். ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் அக்கா கப்பை வாங்கி உதட்டை நனைத்துவிட்டுக் கீழே வைத்ததை நான் பார்த்தேன்.

ஒன்பது கிலோமீட்டருக்கு எங்களுக்கு 70 நிமிடம் ஆகியிருந்தது. இரண்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று என் மனசுக்குள் ஒரு கணக்கு இருந்தது. யாரிடமும் சொல்லாத கணக்கு. ஆறாவது கிலோமீட்டரிலிருந்தே அது நழுவிக்கொண்டிருந்தது. ஸ்ரீரங்கத்து வீதியில் நான் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அக்கா அதைப் பார்த்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

‘நீ போ’ என்றதும் கால் தானாக நீண்டது. டோல்கேட்டில் திரும்பும்போது எதிர்ச் சாரியில் அக்காவைப் பார்ப்பேன் என்று நினைத்திருந்தேன். பார்த்தேன், கை காட்டினார். நானும் கை காட்டினேன். அதற்கப்புறம் சத்தியமாக அக்காவை நினைக்கவே இல்லை. திருவானைக்கோவிலிலிருந்து காவிரிப் பாலம் வரை என் வாழ்க்கையில் அப்படி ஓடியதில்லை. யாருக்கும் மகளாக, மருமகளாக, அம்மாவாக, டீச்சராக இல்லாமல் வெறும் மூச்சும் காலுமாக இருந்தேன். பாலத்தில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது, இடப்பக்கம் ஆறு, எதிரில் மலைக்கோட்டை. இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். குற்ற உணர்ச்சிக்காக அந்தச் சந்தோஷத்தை இப்போது அழித்து எழுதினால் அது இன்னொரு பொய்.

2 மணி 34 நிமிடம். கழுத்தில் பதக்கம் போட்டார்கள். பொங்கலும் வடையும் கொடுத்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஆண்கள் கடிகாரத்தை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னால் நின்ற இளம்பெண் ஒருத்தி, கைக்குழந்தையோடு கணவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தேடிக்கொண்டிருந்தாள். “பால் கட்டிக்கிச்சுக்கா, ஓடினதவிட அதான் வலிக்குது” என்றாள்.

போட்டிக்கு மூன்று மணி நேரம் கெடு. ஐந்து மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்குச் சாலையைத் திறந்துவிடுவார்கள். எட்டே கால் வரை அக்கா வரவில்லை. அவருடைய போன் என் பையில் இருந்தது. எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு அது அடித்தது. அவர் கணவர். “கிழவி மாத்திரை எங்க வெச்சிருக்கா?” எனக்குத் தெரியாது என்றேன். “அவ எங்க?” ஓடிட்டு இருக்காங்க என்றேன். “இன்னுமா?” என்றார். அந்த ‘இன்னுமா’வுக்குப் பதில் சொல்லாமல் போனை வைத்தேன்.

முடிவுக் கோட்டின் காற்றடைத்த வளைவை இறக்கினார்கள். அது புஸ்ஸென்று சரிந்து தரையில் கிடந்தது. ஒலிபெருக்கியைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். 8.31க்கு அக்கா வந்தார். டவுன் பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில், நெஞ்சில் எண்ணோடு, அரை ஓட்டமாக. வளைவு இருந்த இடம் எது என்று தெரியாமல் என்னைத் தாண்டி இருபதடி ஓடினார். நான் கூப்பிட்டதும் நின்றார்.

“முடிஞ்சிருச்சா?” என்று கேட்டார்.

அம்மா மண்டபத்துக்கு அருகில் ஒரு வண்டி வந்து ஏறிக்கொள்ளச் சொன்னதாம். மாட்டேன் என்றிருக்கிறார். மாம்பழச்சாலையில் தண்ணீர் மேசையை எடுத்துவிட்டிருந்தார்கள். எங்கள் கப்புகளைப் பெருக்கிக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளர் ஒருவர் தன் பாட்டிலைக் கொடுத்திருக்கிறார். அக்கா அந்த நாளில் முதன்முறையாக வயிறு நிறையத் தண்ணீர் குடித்தது அங்கேதான். “ஒதுங்கறதுக்கும் அவங்கதான் இடம் காட்டினாங்க” என்றார் சாதாரணமாக. அந்தப் பெண்கள் நாலு மணியிலிருந்து சாலையில் இருந்தவர்கள். நாங்கள் ஓடுவதற்கு முன் ஒருமுறை, ஓடியபின் ஒருமுறை பெருக்கினார்கள். பெண்கள் இருட்டில் அச்சமில்லாமல் சாலையில் இறங்கும் நாள் என்று தொடக்க மேடையில் ஒருவர் பேசினார், கைதட்டினோம். தினமும் இருட்டில் சாலையில் இருக்கும் பெண்கள் அப்போது மேடைக்குப் பின்னால் குப்பைத் தொட்டியை நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.

என் பதக்கத்தைக் கழற்றி அக்காவிடம் நீட்டினேன். “இது உன்னுதுடி” என்று தள்ளிவிட்டார். கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இனி கேள்விக்கு வருகிறேன். நான் செய்தது தவறா?

தோழிகளிடம் கேட்டேன். பாதிப் பேர் இது ஒரு கேள்வியே இல்லை என்றார்கள். அவரே போகச் சொல்லிவிட்டார். கொடுத்த வாக்கிலிருந்து வாக்குப் பெற்றவரே விடுவித்துவிட்டால் கடன் தீர்ந்தது. சட்டம் இப்படித்தான் சொல்லும். மெய்யியலாளர்கள் பலரும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் அந்த ‘நீ போ’ எந்த மொழியிலிருந்து வருகிறது? ‘எனக்குப் பசிக்கல, நீ சாப்பிடு’ என்று நம் அம்மாக்கள் சொல்கிற அதே மொழியிலிருந்துதான். கடைசி மீன் துண்டை அடுத்தவர் தட்டில் வைத்துவிட்டு ‘எனக்கு மீனு பிடிக்காது’ என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன ஒரு அம்மாவின் மகள் நான். அவர் இறந்தபிறகு சித்தி சொல்லித்தான் தெரியும், சின்ன வயதில் மீனுக்காகச் சண்டை போட்டவராம். அந்தச் சொல்லைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வது யாருக்கு வசதி? சாப்பிடுகிறவருக்கு.

சரி, அப்படியென்றால் பெண்கள் சொல்கிற ‘நீ போ’ எதையும் நம்பக் கூடாதா? இங்கேதான் எனக்கு முள் குத்துகிறது. அக்கா வாயால் சொன்னதை நான் கேட்காமல், ‘இல்லக்கா, நீங்க சும்மா சொல்றீங்க, உங்க மனசு எனக்குத் தெரியும்’ என்று கூடவே ஓடியிருந்தால், அவருக்குத் தன் விருப்பம் தெரியாது என்று முடிவு கட்டியவள் ஆகியிருப்பேன். ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு அதுதான் பொருள், வேறு பொருள் இல்லை என்று எத்தனை மேடையில் பேசியிருக்கிறோம். ‘நீ போ’ மட்டும் எப்படி வேறு பொருள் தரும்? ஒரு பெண்ணின் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டால் அவளைத் தியாகத்துக்குள் தள்ளுகிறோம். எடுத்துக்கொள்ளாவிட்டால் அவளைக் குழந்தையாக்குகிறோம். இரண்டுமே அவளை மதிப்பதில்லை.

மற்றப் பாதித் தோழிகள் வேறு மாதிரி சொன்னார்கள். கூடவே இருந்திருக்க வேண்டும், பெண்களுக்குள் ஒற்றுமை என்பது அதுதானே என்றார்கள். இதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. ஏனென்றால் ‘அவங்களுக்காகக் கொஞ்சம் மெதுவாப் போயேன்’ என்பதைத்தான் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். தம்பிக்காக, கணவருக்காக, குழந்தைக்காக. மேல்படிப்பை மெதுவாக்கினேன், பதவி உயர்வை மெதுவாக்கினேன். மெதுவாக்காத ஒரே இடம் அந்தப் பாலம். அங்கேயும் வந்து, இந்தமுறை பெண்ணியத்தின் பெயரால், அதையே கேட்டால்? கேரல் கில்லிகன் 1982இல் வெளியிட்ட நூலில், கருக்கலைப்பு பற்றி முடிவெடுக்க வேண்டியிருந்த பெண்களோடு பேசியதை எழுதுகிறார். தன்னை மட்டும் பார்ப்பது ஒரு கட்டம்; பிறருக்காகத் தன்னை அழித்துக்கொள்வதையே நல்லது என்று நினைப்பது அடுத்தது; அதையும் தாண்டினால், அக்கறை காட்ட வேண்டியவர்களின் பட்டியலில் தன் பெயரையும் சேர்த்துக்கொள்வது. படிக்கும்போது நன்றாக இருந்தது. ஆனால் பாலத்தில், இரண்டு பெயர் இருக்கிற பட்டியலில் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் அக்கறை காட்ட முடியாதபோது என்ன செய்வது என்று எனக்கு அது சொல்லவில்லை.

ஓட்டத்தின் வரலாற்றில் தேடினேன். 1967 பாஸ்டன் மாரத்தானில் கேத்ரின் சுவிட்சரின் எண்ணைப் பிடுங்கப் பாய்ந்த அதிகாரியையும், அவரைத் தோளால் இடித்துத் தள்ளிய சுவிட்சரின் காதலரையும் எல்லோரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். படத்துக்குப் பிறகு நடந்ததைச் சுவிட்சர் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தக் காதலர் கொஞ்ச தூரத்தில் சுவிட்சர் மீதே கோபப்பட்டு அவரை விட்டுவிட்டு வேகமாக முன்னே போய்விட்டார். கூடவே ஓடி முடித்தது பயிற்சியாளர் ஆர்னி பிரிக்ஸ். காப்பாற்றுவதும் கூட வருவதும் ஒன்றல்ல என்று எனக்கு அப்போது பட்டது.

அதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது 1972இல் நியூயார்க் மாரத்தானில் நடந்தது. அமெரிக்கத் தடகள அமைப்பு அந்த ஆண்டுதான் பெண்களை மாரத்தானில் அனுமதித்திருந்தது. ஆனால் ஆண்களோடு ஒரே நேரத்தில் தொடங்கக் கூடாது, பெண்கள் பத்து நிமிடம் முன்னால் தொடங்க வேண்டும் என்றது. பெண்களுக்கான துப்பாக்கி வெடித்தது. ஆறு பெண்கள் கோட்டிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள், கையில் அட்டைகளோடு. பத்து நிமிடம். ஆண்களுக்கான துப்பாக்கி வெடித்ததும் எழுந்து ஓடினார்கள். அந்தப் பத்து நிமிடத்தை அவர்களுடைய நேரத்தில் சேர்த்துக் கணக்கிட்டார்கள். நினா குசிக் முதலாவதாக வந்தார்.

நான் அந்தப் படத்தைப் பல தடவை பார்த்தேன். சேர்ந்து உட்கார்ந்தார்கள், சரி. எழுந்தபின்? ஒவ்வொருத்தியும் தன் வேகத்தில் ஓடினாள். குசிக் மற்ற ஐந்து பேருக்காக நிற்கவில்லை. யாரும் அவரிடம் அதைக் கேட்கவுமில்லை. ஒற்றுமை 42 கிலோமீட்டரும் கைகோத்துப் போவதில் இல்லை. விதி தவறாக இருந்த இடத்தில் ஆறு பேரும் ஒரே விலையைக் கொடுத்தார்கள்.

அப்படிப் பார்த்தால் என் ஊர்ப் போட்டியில் தவறான விதி எது? மூன்று மணி நேரக் கெடு எல்லோருக்கும் ஒன்றுதானே? ஏற்பாட்டாளர்கள் பக்கம் நியாயம் உண்டு. காவிரிப் பாலத்தை அடைத்தால் ஸ்ரீரங்கமும் திருவானைக்கோவிலும் திண்டாடும். 2022 இறுதியில் பழுது பார்க்க அதை மூடியபோது மாதக்கணக்கில் சுற்றிப்போனவர்கள் நாங்கள். எட்டு மணிக்கு மேல் ஆம்புலன்சையும் பஸ்ஸையும் நிறுத்திவைக்க முடியாது. ஆனால் கெடு ஐந்து மணிக்குத் தொடங்குவதாகத் தாளில் இருக்கிறது. அக்காவுக்கு அது நான்கு மாதம் முன்பே, அந்த அரை மணி நேரப் பயிற்சியிலேயே தொடங்கிவிட்டது. எல்லோருக்கும் ஒரே துப்பாக்கி, ஒரே கோடு என்று சொல்வது, துப்பாக்கிக்கு முந்தைய நான்கு மாதத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவது. சாலையைத் திறக்கலாம். வளைவை இறக்காமல் நடைபாதைப் பக்கம் நகர்த்தி வைத்திருக்கலாம். ஒரு மேசை, இரண்டு குடம் தண்ணீர், ஒரு பதக்கம், காத்திருக்க ஒரு ஆள். இதற்குப் போலீஸ் அனுமதி தேவையில்லை.

பின்னால் வருகிற பெண்ணைப் பார்க்க ஓட்ட உலகத்துக்கு எப்போதும் கூச்சம்தான். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்துச் சிலர் களைத்துத் தரையில் சரிந்ததை, பெண்கள் பொத்துப் பொத்தென்று விழுந்ததாகப் பத்திரிகைகள் ஊதி எழுதின. அந்த ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். 1960 வரை திரும்பவில்லை. களைத்துப்போன ஆணுக்கு வீரன் என்று பெயர். எங்கள் பக்கத்து மாவட்டத்தின் கதக்குறிச்சியிலிருந்து போன சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் அதே 800 மீட்டரில் வெள்ளி வென்றார். ஓடி முடித்தபின் உடம்பைச் சோதித்து, பதக்கத்தைப் பறித்தார்கள். சாந்தி விஷயத்தில் நாம் எத்தனை பேர் கோட்டில் உட்கார்ந்தோம்? நான் அப்போது கல்லூரி முடித்திருந்தேன். செய்தியைப் படித்தேன், ‘பாவம்’ என்றேன், பக்கத்தைத் திருப்பினேன்.

என் விஷயத்துக்குத் திரும்புகிறேன். ஒன்பதாவது கிலோமீட்டரில் போனது தவறில்லை என்று இப்போது நினைக்கிறேன். தயங்கித் தயங்கித்தான் இந்த முடிவுக்கு வந்தேன். ஆனால் 7.34க்கு ஓடி முடித்தவள் 8.31 வரை அங்கே என்ன செய்துகொண்டிருந்தேன்? பாலத்தின் மறுமுனை அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர்கூட இருக்காது. கால் வலித்தது உண்மை, நடக்க முடியாத வலி இல்லை. பொங்கல் சாப்பிட்டேன். படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். என் ஓட்டம் முடிந்திருந்தது, என் கணக்கு தீர்ந்திருந்தது, அப்போது அக்காவுக்காக நான் இழக்க ஒன்றுமே இல்லை. தியாகம் தேவைப்படாத அந்த ஒரு மணி நேரத்தில் நான் நகரவில்லை. போனது பற்றியே இத்தனை நாள் என்னை நானே விசாரித்துக்கொண்டிருந்தது, திரும்பிப் போகாததைப் பற்றி யோசிக்காமல் இருக்கத்தானோ என்னவோ.

இதையெல்லாம் இரண்டு வாரம் கழித்துச் சத்துணவுக் கூடத்தில், முட்டை உரித்துக்கொண்டே அக்காவிடம் சொன்னேன். சிரித்தார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“நீ போனது நல்லதுதான்டி. நீ பக்கத்துல ஓடிட்டு வாட்ச்சப் பாத்துட்டே வந்தியா, எனக்கு என்னமோ வீட்ல யாரோ ‘சீக்கிரம், சீக்கிரம்’னு நிக்கிற மாதிரியே இருந்துச்சு. நீ போனப்புறந்தான் நான் ஆத்தப் பாத்தேன். வண்டிக்காரன் ஏறச் சொன்னப்ப ஏன் ஏறலன்னு நெனக்கிற? எத்தன வருஷமாச்சு, யாரும் கூட இல்லாம இம்புட்டு நேரம் இருந்து.”

எனக்கு ஆறுதலாக இருந்தது. அதைக் கண்டுகொண்டவர்போல ஒரு முட்டையை உரித்து முடித்து அடுத்ததை எடுத்தார்.

“ஆனா ஒரு தடவ கேட்டிருக்கலாம். ‘நெசமாவாக்கா?’ன்னு. நான் நெசமாத்தான்னுதான் சொல்லிருப்பேன்.”

அந்தக் கேள்வியைக் கேட்க எத்தனை நொடி ஆகியிருக்கும்? என் இரண்டரை மணி நேரக் கணக்கு அதனால் கெட்டிருக்காது. அதுவும் கெட்டுப்போய்த்தான் இருந்தது.

சாலைக்கு வெளியே ஒரு மேசையும், ஒன்பது மணி வரை ஒரு ஆளும், நடுவழியில் இரண்டு இடத்தில் பெண்களுக்குக் கழிப்பறையும் வேண்டும் என்று ஏற்பாட்டாளர்களுக்குக் கடிதம் எழுதினேன். பதினோரு பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். பால் கட்டிக்கொண்ட அந்த இளம்பெண்ணைத் தேடிப் பிடித்து அவளிடமும் வாங்கினேன். கழிப்பறை பற்றிப் பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. மேசை பற்றி ஒன்றும் இல்லை. மேசையை நாங்களே போடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். யார் ஓடாமல் நிற்பது என்பதில்தான் இன்னும் முடிவு வரவில்லை. நான் நிற்கிறேன் என்று சொன்னேன்; சொல்லும்போதே அது எந்த மொழியிலிருந்து வருகிறது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

இந்த ஆண்டுக்கான பதிவு போன வாரம் தொடங்கியது. அக்கா தன் பணத்தைத் தானே கட்டியிருக்கிறார். மாமியார் போன ஆடியில் தவறிவிட்டார். காலையில் இப்போது ஒரு மணி நேரம் கிடைக்கிறது, அதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது. ஷூ இன்னும் மகனுடையதுதான்.

“ஒண்ணு மட்டும்” என்றார் ரசீதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டே. “இந்த வருஷம் சேர்ந்து ஓடுவோம்னு சொல்லாத.”